வெப்சைட்டுக்கும் பட்டா உண்டு!

டிசைனரிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டியவை

மார்கழி பிறந்த முதல் வாரம். ஈரோடு மாவட்டம், கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கரும்பாலையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு நாட்டுச்சர்க்கரை கேட்டு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் குவிய வேண்டிய நேரம். ஆனால் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. வழக்கமாக வாங்கும் சென்னை அம்மா ஒருவர்தான் போன் செய்தார். "என்னங்க, கடையை மூடிட்டீங்களா? பையில இருக்கிற கட்டத்தை ஸ்கேன் பண்ணினா ஒண்ணுமே வரலையே!"

கணவர் தன் போனில் போட்டுப் பார்த்தார். அவர்களுடைய இணையதளம் இருந்த இடத்தில், 'இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. வீட்டில் அந்த முகவரியும் கியூ.ஆர். கட்டமும் அச்சடித்த பைகள் 4,000 கட்டுக்கட்டாக இருந்தன.

மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் மஞ்சள், சொந்த ஆலை. அதுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், வாட்ஸ்அப்பில் கிலோ கணக்கில் விற்கத் தொடங்கி, பிறகு 38,000 ரூபாய் கொடுத்து இணையதளம் போட்டவர்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை. நடந்ததை எழுதலாம், நாலு பேருக்கு உதவட்டும் என்றார் அந்த வீட்டு அம்மா.

தளத்தை வடிவமைத்துக் கொடுத்த டிசைனரின் பழைய எண் அணைந்து கிடந்தது. அவருடைய மாமா வீட்டைத் தேடிப் பிடித்து, புது எண் வாங்கிப் பேசினார் அந்த அம்மா.

"ஏனுங் தம்பி, நம்ம கடை திறக்க மாட்டேங்குதுங்களே?"

"அக்கா, நான் பெங்களூருல வேலைக்குச் சேர்ந்துட்டனுங்க. டொமைன் ரெனியூவலுக்கு மெயில் வந்திருக்கும், அந்தப் பழைய ஐ.டி.யை நான் பாக்கறதே இல்லீங்க. பழைய சிம்மும் இல்லீங்க, ஓ.டி.பி. அதுக்குத்தான் போகும்."

அவர் மோசடிக்காரர் அல்ல. நாற்பது வாடிக்கையாளர்களின் டொமைன்களைத் தன் ஒரே கணக்கில் வாங்கி வைத்திருந்தார். வேலை மாறியதும் எல்லாம் அநாதையாகிவிட்டன. வாங்கியவர்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்பதே தெரியாது.

டொமைன் யார் பேரில்?

டொமைன் என்பது இணையதளத்தின் பெயர். டாட் காம், டாட் இன் என்று முடியும் முகவரி அதுதான். தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரியும் உண்டு. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம். பெயரை விற்பதற்கு அங்கீகாரம் பெற்ற முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆகும். முதல் ஆண்டு தள்ளுபடியில் நூற்றுச் சொச்சத்துக்குக்கூடக் கிடைக்கும், இரண்டாம் ஆண்டு முழு விலை.

நிலத்தோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். டொமைன் என்பது பட்டா. ஹோஸ்டிங் என்பது கடை நிற்கும் வாடகை இடம். டிசைன் என்பது கட்டடம். கொத்தனாரை வைத்துக் கட்டடம் கட்டுகிறோம் என்பதற்காகப் பட்டாவை அவர் பேரில் எழுதிக் கொடுப்போமா? இணையதளத்தில் பெரும்பாலான விவசாயக் குடும்பங்கள் அதைத்தான் செய்கின்றன. 'எல்லாம் நானே பாத்துக்கறேங்க' என்று டிசைனர் சொல்கிறார். நமக்கும் அது நிம்மதியாக இருக்கிறது. பெயர் அவர் மின்னஞ்சலில், அவர் செல் எண்ணில் பதிவாகிறது. நினைவூட்டலும் அவருக்கே போகிறது.

டொமைன் காலாவதியானால் அன்றே போய்விடாது. டாட் காம் பெயரைப் பொறுத்தவரை, முதலில் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க முகவர் நிறுவனம் இடம் கொடுக்கும். தளம் மட்டும் தெரியாது. அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது பல மடங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் பெயர் பொதுவில் விடப்படும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல பெயர் என்றால் எடுத்து வைத்துக்கொண்டு விலை பேசுவதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கவுந்தப்பாடிக் குடும்பத்தின் டொமைன் ஐப்பசிக் கடைசியில் காலாவதியாகியிருந்தது. கண்டுபிடித்தது மார்கழியில். டிசைனர் பழைய கணக்கைத் திறக்க முகவர் நிறுவனத்துக்கு அடையாளச் சான்று அனுப்பி, அவர்கள் பதில் சொல்லி, மீட்புக் கட்டணம் கட்டி, தளம் உயிர்பெற்றபோது பொங்கல் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டுப் பொங்கல் சரக்கு மொத்தமும் மூட்டையாக விற்பனைக் கூடத்துக்கே போனது. கிலோவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் விலை போனது ஒரு பக்கம். வேறு இடத்தில் வாங்கப் பழகிவிட்ட வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

படத்தில் பொன்னிறம், பையில் பழுப்பு

டொமைன் திரும்பக் கிடைத்ததும் வேறொரு டிசைனரைத் தேடினார்கள். பழைய தளத்தை அவர் ஒவ்வொரு பக்கமாகக் காட்டியபோதுதான், அதற்கு முன்பும் அந்தத் தளம் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது.

முதல் பக்கத்திலேயே பளபளவென்று மஞ்சள் நிறத்தில் நாட்டுச்சர்க்கரை. இணையத்தில் எங்கோ எடுத்த படம். இந்தக் குடும்பம் காய்ச்சுவது ஹைட்ரஸ் போடாத சரக்கு. கரும்புச் சாறில் அளவாகச் சுண்ணாம்பு விட்டு, அழுக்கை அள்ளி எடுத்து, பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டித் தேய்த்துப் பொடியாக்குகிறார்கள். நிறம் பழுப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கிய வாடிக்கையாளர், பையைப் பிரித்ததும் 'பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள்' என்று நினைத்திருக்கிறார். எந்தப் பழுப்பு அந்தச் சரக்கின் பெருமையோ, அதுவே புகாராகிவிட்டது. திருப்பி அனுப்பிய பார்சல்களுக்கு இரு வழிக் கட்டணமும் இவர்கள் தலையில்.

இரண்டாவது டிசைனர் ஒரு காலை நேரம் ஆலைக்கே வந்தார். கொப்பரை, தொட்டி, கையில் அள்ளிய பொடி என்று படம் எடுத்தார். கூடவே, 'மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், கெட்டுப்போனது அல்ல, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்' என்று அந்த அம்மா பேச்சுவாக்கில் சொன்னதை அப்படியே பக்கத்தில் ஏற்றினார். அதற்குப் பிறகு கட்டி தட்டியதாகப் புகார் வருவது பெரிதும் குறைந்துவிட்டதாம். தொழில் தெரிந்த டிசைனருக்குப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். தோட்டத்துக்கு வராமலே வேலையை முடிக்கிறேன் என்பவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய தளத்தில் இன்னொரு பிழை, அபாயகரமானது. 'எங்கள் நாட்டுச்சர்க்கரையைச் சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று ஒரு வரி. வேறு ஏதோ தளத்திலிருந்து டிசைனர் நகலெடுத்து ஒட்டியது. நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நம்பிச் சாப்பிடுகிறவருக்குக் கெடுதல், விற்பவருக்கு வழக்கு. சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோயைப் போக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகளும் கொண்டுவந்திருக்கிறது. 'டிசைனர் போட்டது, எனக்குத் தெரியாது' என்பது அங்கே செல்லாது. பாரம்பரிய அரிசி விற்கும் தளங்களில் இந்த வகை வரிகள் ஏராளம். உங்கள் தளத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் பக்கத்திலும் ஒரு சிக்கல். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோட்டில் விளைந்த மஞ்சள்தானே என்று டிசைனர் அந்தச் சின்னத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களே அதைப் பயன்படுத்தலாம். சான்றிதழ் இல்லாமல் 'ஜைவிக் பாரத்' முத்திரை போடுவதும் இதே தவறு.

போனில் அழுத்திப் பாருங்கள்

விலை மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டுச்சர்க்கரை விலை வாரத்துக்கு வாரம் மாறும். பழைய தளத்தில் விலையைத் திருத்த ஒவ்வொரு முறையும் டிசைனருக்கு 300 ரூபாய். அதற்குப் பயந்து திருத்தாமலே விட்டு, விலை ஏறிய மாதங்களில் நஷ்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சரக்கு தீர்ந்தாலும் தளத்தில் 'கிடைக்கும்' என்றே இருக்கும். விவசாயியின் தளத்தில் அழகைவிட இது முக்கியம். விலை, இருப்பு, படம் மூன்றையும் வீட்டில் இருப்பவர் போனிலேயே மாற்ற முடிய வேண்டும். வேர்ட்பிரஸ், அதன் மேல் ஓடும் வூகாமர்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இது சுலபம். அவற்றின் அடிப்படை மென்பொருளுக்குக் காசு கிடையாது. டிசைனர் வாங்குவது தன் உழைப்புக்கான கூலி. 'இது எங்கள் சொந்த மென்பொருள்' என்று ஒருவர் சொன்னால், அவரை விட்டு விலகும்போது தளம் என்ன ஆகும் என்று அப்போதே கேளுங்கள்.

வேலையை வாங்கிக்கொள்ளும் முன் செய்து பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு, படிப்பு எதுவும் தேவையில்லை. தளத்தில் உள்ள தமிழ் வரியின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். எழுத்து தேர்வாகி, நகலெடுக்க முடிந்தால் சரி. படம்போல அசையாமல் நின்றால், எழுத்தைப் படமாக ஒட்டியிருக்கிறார் என்று பொருள். 'கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை' என்று கூகுளில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படுவது கடினம். சில இடங்களில் பழைய எழுத்துருவில் தட்டி, போனில் கோணல் மாணலாகத் தெரியும். யூனிகோடு எழுத்துதான் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, வீட்டிலேயே மிக மலிவான போனை எடுத்துக்கொண்டு, வை-ஃபை இல்லாமல், தோட்டத்துக் கிணற்றடியில் நின்று தளத்தைத் திறப்பது. படங்களைச் சுருக்காமல் ஏற்றியிருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்குகிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

'கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருவேன், கேரண்டி' என்று தனியாகப் பணம் கேட்பவர்கள் உண்டு. அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

சொந்தக்காரப் பையனா, வெளியாளா?

கம்ப்யூட்டர் படித்த மச்சான் மகன் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். காசு குறைவு, ஆலைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் செய்துகொடுப்பார். தவறில்லை. ஆனால் அவரிடம் 'எழுதிக் கொடு' என்று கேட்க வாய் வராது. தீபாவளிக்கு முந்தின வாரம் தளம் நின்றால், அவருக்கு அங்கே பரீட்சை இருக்கும். சொந்தத்தில் கொடுப்பதானாலும் கூலியைக் கொடுத்து, தாளில் எழுதிக்கொள்வதே உறவுக்கும் நல்லது.

வெளியாள் என்றால், அவர் செய்து இரண்டு வருடம் ஆன மூன்று தளங்களின் முகவரியைக் கேளுங்கள். போன மாதம் செய்தது வேண்டாம். அந்த உரிமையாளர்களிடம் போனில் இரண்டு கேள்வி போதும்: "டொமைன் உங்க பேர்ல இருக்குதுங்களா? ஒரு அவசரம்னா எத்தனை நாள்ல திரும்பக் கூப்பிடறாருங்க?"

ஒரு தாள் போதும்

ஒப்பந்தம் என்றதும் வக்கீல் வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். எத்தனை பக்கங்கள், எந்தத் தேதிக்குள், தொகை எத்தனை தவணை, பிறகு ஆண்டுக்கு என்ன செலவு என்பவை இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மாதிரி காட்டியதும் ஒரு பங்கு, எல்லாச் சாவிகளும் கைக்கு வந்த பிறகு கடைசிப் பங்கு என்று பிரிப்பது இரு பக்கத்துக்கும் நியாயம்.

அந்தத் தாளில் விட்டுவிடக் கூடாத வரி ஒன்று உண்டு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைச் செய்தவர்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் என்றால் உரிமை முதலாளிக்குப் போகும். டிசைனர் நம் ஊழியர் அல்ல. எனவே பணத்தை முழுதாகக் கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை தளத்தின் வடிவமும் நிரலும் அவருடையவை. அந்த மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே, 'இந்தத் தளத்துக்காக நான் செய்த வடிவம், நிரல், எழுத்து ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும், பதிப்புரிமைக் காலம் முடியும் வரை, உலகம் முழுமைக்கும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்' என்று எழுதி வாங்குங்கள். நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படங்களுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், நாமே உரிமையாளர்.

சாவிகள் என்பவை இவை: டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, தளத்தின் நிர்வாகிக் கணக்கு, பணம் பெறும் கேட்வே கணக்கு, கூகுள் வரைபடத்தில் கடையின் பதிவு. எல்லாமே குடும்பத்தின் மின்னஞ்சலிலும் செல் எண்ணிலும் தொடங்கப்பட வேண்டும். டிசைனருக்கு வேலை செய்யத் தனி அனுமதி கொடுக்கலாம், முடிந்ததும் எடுத்துவிடலாம். கேட்வே விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். 'முதலில் என் கணக்குக்கு வரட்டும், மாதக் கடைசியில் அனுப்புகிறேன்' என்ற பேச்சே ஆகாது.

கேட்வே நிறுவனங்கள் கணக்குத் தரும் முன் தளத்தைத் திறந்து பார்க்கும். பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமை விதி, தொடர்பு முகவரி எல்லாம் இருக்க வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் போடச் சொல்கின்றன. பெரிய பதவி என்று மிரள வேண்டாம், வீட்டில் போன் எடுப்பவர் பெயரே போதும். வந்த புகாருக்கு 48 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. பொட்டலப் பொருளுக்கு நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை தளத்திலும் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு சொல். அங்கே பெரும்பாலும் தலைமைச் செயல் அலுவலரின் சொந்த மின்னஞ்சலில் டொமைன் இருக்கும். அவர் மாறுதலாகிப் போனால், கவுந்தப்பாடிக் கதைதான் நடக்கும். நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், இரண்டு இயக்குநர்களிடம் பாஸ்வேர்டு, அதற்கு ஒரு தீர்மானம் என்று பதிவேட்டில் ஏற்றிவிடுவது நல்லது.

கவுந்தப்பாடி அம்மா டொமைனை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிட்டார். முடியும் தேதி, ஆலைச் சுவரில் பயிர்க்கடன் தவணைத் தேதிக்குக் கீழே சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது.

வாசகர்கள் கேட்டவை

*இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போட்டு, செக்கு எண்ணெய் விற்கிறோம். மாதம் நாற்பது லிட்டர். இணையதளம் போடலாமா?*

இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் போடுவதும், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதும் இலவசம். அவற்றிலிருந்தே ஆர்டர் வந்து, போனில் பதில் சொல்லி மாளவில்லை என்ற நிலை வரட்டும். டொமைன் பெயரை மட்டும் இப்போதே உங்கள் பேரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு வேறொருவர் எடுத்துவிட்டால் லேபிளை மாற்ற வேண்டியிருக்கும்.

*தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் டொமைன் டிசைனர் பேரில்தான் இருக்கிறது. கேட்டால் தருவாரா?*

பெரும்பாலும் தருவார், அவருக்கும் அது சுமைதான். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, பணம் பாக்கி எதுவும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அதே முகவர் நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலில் ஒரு கணக்குத் தொடங்கினால், அவர் கணக்கிலிருந்து அதற்கு நகர்த்திவிடலாம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதானால் டொமைன் பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டு எண்ணை அவர் கொடுக்க வேண்டும். போனில் பேசியதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். மாறிய பிறகு உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நீங்களே ஒருமுறை உள்ளே போய், பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு புதிய பைகளுக்கு அச்சு ஆர்டர் கொடுங்கள்.